அயலூரில் ஒரு வீடு

(பத்தாம் வகுப்பு மாணவி, சாமளாபுரம்)

திருப்பூர்ப் பக்கம் தைக்கும் பனியன்கள் கடல் கடந்து அயல்நாடுகளுக்குப் போகின்றன. அட்டைப் பெட்டியில் அடுக்கி, முகவரி ஒட்டி அனுப்பிவிட்டால் போதும். போய் இறங்கும் ஊரில் அவற்றுக்குப் பசியில்லை, குளிரில்லை, மொழியும் வேண்டியதில்லை. படிக்கப் போகும் பிள்ளைக்கோ, இறங்குமிடத்தில் ஒரு வீடு வேண்டும். அவ்வீட்டில் பரிவுள்ள ஒருவர் வேண்டும். அப்படி அயலார் வீட்டில் தங்கிப் படித்த மூவரைப் பற்றி நான் அறிந்ததையும், எங்கள் வீட்டில் நடந்த ஒரு வழக்கையும் தோழியருக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாமவர் காந்தியடிகள். 1888-ஆம் ஆண்டு சட்டம் படிக்க லண்டன் சென்றபோது அவர் பதின்வயது இளைஞர். புலால் உண்பதில்லை என்று தாயாருக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் போனவர். அங்கே ஒரு குடும்பத்தில் தங்கினார். வீட்டுக்கார அம்மையார் நல்லவர்தாம். ஆனால் உப்பும் உறைப்பும் இல்லாத உணவு இறங்கவில்லை. இன்னும் வேண்டும் என்று கேட்கவும் கூச்சம். அந்த அம்மையாரின் மகள்கள் இருவரும் சில வேளை ஒன்றிரண்டு ரொட்டித் துண்டுகளை அதிகமாக வைப்பார்களாம். ஒரு முழு ரொட்டி இருந்தாலொழிய தம் வயிறு நிறையாது என்பது அவர்களுக்குத் தெரியாது என்று தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். உலகமே போற்றிய மகான் ஒரு ரொட்டித் துண்டு கேட்க நாணி அரைப்பட்டினி கிடந்தார் என்பதைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது.

இரண்டாமவர் நம்மைப் போன்ற ஒரு பெண். மராட்டிய நாட்டில் 1865-ல் பிறந்த ஆனந்திபாய் ஜோஷி. அவரை மருத்துவம் படிக்க அனுப்ப விரும்பிய அவர் கணவர் எழுதிய கடிதம் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் வந்தது. நியூஜெர்சி மாநிலத்து ரோசெல் என்னும் ஊரைச் சேர்ந்த கார்பென்டர் அம்மையார் அதைப் படித்தார். பல் மருத்துவரைப் பார்க்கக் காத்திருந்த நேரத்தில் தற்செயலாகக் கையில் எடுத்த பத்திரிகை அது! உடனே கடிதம் எழுதினார். முகம் பாராமலே இருவரும் உறவாயினர். ஆனந்திபாய் அவரைச் சிற்றன்னை முறை வைத்தே அழைத்தார். 1883-ஆம் ஆண்டு ஜூன் மாதம், பதினெட்டு வயதில், கணவர் துணையின்றி ஆனந்திபாய் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கியபோது அந்த அம்மையாரே எதிர்கொண்டு தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். ஆனந்திபாய் சேலையையும் விடவில்லை. சைவ உணவையும் விடவில்லை. பின்பு பிலடெல்பியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1886-ல் பட்டம் பெற்றார். அந்தோ! தாயகம் திரும்பிச் சில மாதங்களில், 1887 பிப்ரவரியில், இருபத்திரண்டு வயது நிரம்பும் முன்னரே மறைந்தார். அவருடைய அஸ்தி கார்பென்டர் குடும்பத்தாரின் கல்லறைத் தோட்டத்தில், அவர்களுள் ஒருவராக வைக்கப்பட்டது.

மூன்றாமவர் நம் கொங்கு மண்ணில், ஈரோட்டில், 1887-ல் பிறந்த கணித மேதை இராமானுஜன். 1914 மார்ச்சில் சென்னையில் கப்பலேறி ஏப்ரலில் லண்டன் சேர்ந்தார். பேராசிரியர் நெவில் எதிரே வந்து அழைத்துச் சென்று, கேம்பிரிட்ஜில் தம் இல்லத்திலேயே சில வாரங்கள் தங்க வைத்தார். பழக்கமில்லாத காலணி காலை வருத்தியபோதும், உணவு ஒவ்வாதபோதும் அருகில் ஆள் இருந்தது. பிறகு கல்லூரி அறைக்குக் குடிபோனார். தாமே சமைத்துக்கொண்டார். குளிரில் தூக்கமில்லை. அங்கே கம்பளிகளை மெத்தையடியில் செருகி வைப்பார்கள். அவற்றுக்குள் நுழைந்து படுக்க வேண்டும். அதை அவருக்குச் சொல்வாரில்லை. மேல்விரிப்பின்மீதே படுத்து நடுங்கியிருக்கிறார். அவரைப் பார்க்க வந்த மகலனோபிஸ் என்னும் வங்காள மாணவர்தாம் கம்பளியை விலக்கிக் காட்டினார். எண்களின் இரகசியங்களையெல்லாம் அறிந்தவருக்குக் கம்பளி எங்கே இருக்கிறது என்று சொல்ல ஒரு மனிதர் தேவைப்பட்டார்!

இனி எங்கள் வீட்டு வழக்கைச் சொல்கிறேன். என்னைக் கோவையில் அத்தை வீட்டில் விட்டுப் பதினொன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று அப்பா விரும்பினார். ஆத்தா ஒப்பவில்லை. "என்ற மகளே ஆனாலும் அது சம்பந்தி ஊடு. பசிக்குதுன்னு புள்ள வாயத் தொறந்து கேக்குமா?" என்பது ஆத்தாவின் கட்சி. "தங்கச்சி கேக்காமயே போடுவா, சும்மா இருங்கம்மா" என்பது அப்பாவின் கட்சி. எனக்கும் உள்ளூரப் பயம்தான். எங்கள் வீட்டை ஒட்டியே விசைத்தறி ஓடுகிறது. அந்தச் சத்தம்தான் எனக்குத் தாலாட்டு. மின்சாரம் நின்று தறி ஓய்ந்தால் எனக்கு விழிப்பு வந்துவிடும். அத்தை வீட்டு அமைதியில் எப்படித் தூங்குவேன்?

வழக்கைத் தீர்த்தவள் என் வகுப்புத் தோழி ஒருத்தி. ஒடிசாவிலிருந்து வந்தவள். பெற்றோர் இருவருக்கும் நூற்பாலையில் வேலை. ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது அவளுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. சிஸ்டர் அவளை என் பக்கத்தில் உட்கார வைத்தார். பெற்றோருக்கு ஒரே சமயத்தில் இரவு ஷிப்டு வரும் நாட்களில் அவள் எங்கள் வீட்டில்தான் படுத்துக்கொள்வாள். முதலில் தட்டைப் பார்த்தபடி பேசாமல் இருப்பாள். ஆத்தா ஒன்றும் கேட்காமல் இன்னொரு கரண்டி சோறு போட்டு, "தின்னு கண்ணு" என்பார். ஒரு மாதம் கழித்து, எங்கள் சமையலறையில், "ஆத்தா, இன்னும் கொஞ்சம் ரசம்" என்றாள். நாங்கள் கேட்ட அவளுடைய முதல் தமிழ் வாக்கியம் அது.

அதை நினைவூட்டி, "அவ வாய் தொறக்கும் முன்னாடியே நீங்க போட்டீங்கல்ல ஆத்தா? நீங்க பெத்த அத்தை மட்டும் போடமாட்டாங்களா?" என்று கேட்டேன். ஆத்தா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "கூச்சப்படாமக் கேட்டு வாங்கித் தின்னோணும். ஞாயித்துக்கெழம வந்தரோணும்" என்றார். வழக்கு முடிந்தது. ஜூன் மாதம் நான் கோவை செல்கிறேன்.

அன்புத் தோழியரே! அதே ஜூன் மாதத்தில் நம் பள்ளிக்கும் புதியவர்கள் வருவார்கள். வேலை தேடிப் பிற மாநிலங்களிலிருந்து வரும் குடும்பங்களின் பிள்ளைகளும் அவர்களுள் இருப்பர். நமக்குப் பிறந்த ஊரான சாமளாபுரம் அவர்களுக்கு அயல்நாடு போன்றதே. அவர்களுக்கு விருந்து வைக்க வேண்டியதில்லை. தண்ணீர்க் குழாய் எங்கே, எந்தப் பேருந்தில் ஏற வேண்டும், எந்தப் பாடத்துக்கு எந்த நோட்டு என்று சொன்னால் போதும். கம்பளி எங்கே இருக்கிறது என்று காட்டுவது ஒரு நிமிட வேலை. கேட்கட்டும் என்று காத்திராமல் நாமே முந்திக்கொண்டு சொல்வோமாக!