ஊசி, நூல், காகிதம், கொஞ்சம் தமிழ்



பனிக்காலம் வந்துவிட்டால் மிசிசாகாவில் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. அந்த நீண்ட மாலைகளுக்கு கிராஸ் ஸ்டிச்சும் காகிதக் கைவேலையும் நல்ல துணை. நர்ஸ் வேலை பார்க்கிற நாங்கள் சிலர், டியூட்டி இல்லாத சனிக்கிழமைகளில் ஆலய ஹாலில் ஒரு மேசை போட்டு இவற்றைச் செய்கிறோம். 12 வயதுப் பிள்ளைகளும் வருகிறார்கள்; 80 வயதைத் தாண்டிய அம்மம்மாக்களும் பாட்டிகளும் வருகிறார்கள். எதை வாங்குவது, என்ன டிசைன் போடுவது என்று நீங்கள் எங்களிடம் கேட்பதற்கெல்லாம் இங்கே பதில் எழுதுகிறோம்.

இந்தக் கைவேலை நம் சபைகளுக்குப் புதிதல்ல. 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனெரி மார்த்தா மால்ட், பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கி, படிப்போடு லேஸ் பின்னலையும் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலைசா கால்டுவெல் அதை இடையன்குடியில் பரப்பினார். யாழ்ப்பாணத்திலும் உடுவில் மகளிர் பள்ளி 1824-லேயே தொடங்கிவிட்டது. மிஷன் பள்ளிகளில் எழுத்தும் ஊசியும் சேர்ந்தே வந்தன. நம் மேசையிலும் அப்படித்தான்.

முதலில் சாமான்கள். கிராஸ் ஸ்டிச்சுக்கு ஐடா துணி வேண்டும். 14 கவுண்ட் என்றால் ஓர் அங்குலத்தில் 14 கட்டம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அது போதும். கண் மங்கியவர்களுக்கு 11 கவுண்ட் வாங்குங்கள். நூல் 6 இழையாக வரும். 14 கவுண்டுக்கு 2 இழை, 11 கவுண்டுக்கு 3 இழை பிரித்துக் கோருங்கள். ஊசி 24-ம் நம்பர், முனை மழுங்கியது. டிசைன் 70 கட்டம் அகலம் என்றால் 70-ஐ 14-ஆல் வகுங்கள்: 5 அங்குலம். நான்கு பக்கமும் 2 அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். துணியை நான்காக மடித்து நடுவைக் கண்டுபிடித்து, அங்கிருந்து தையுங்கள். மேலே வருகிற இழை எல்லாத் தையலிலும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் வேலை பளிச்சென்று தெரியும்.

காகித வேலைக்கு 250 முதல் 300 ஜிஎஸ்எம் கனமுள்ள கார்ட்ஸ்டாக் வாங்குங்கள். எட்டரைக்குப் பதினொன்று அங்குலத் தாளைப் பாதியாக வெட்டி மடித்தால் இரண்டு வாழ்த்து அட்டைகள் கிடைக்கும். மடிக்கும் இடத்தில் ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஒரு கோடு அழுத்துங்கள். வெடிப்பில்லாமல் மடியும்.

இனி டிசைன். கடையில் கிடைக்கிற புத்தகங்களில் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகள்தான். தமிழ் வேண்டுமென்றால் கட்டத்தாளில் நாமே போட வேண்டும். ‘பட்டம்’ என்ற சொல்லில் தொடங்குங்கள். ப, ட இரண்டும் நேர்கோடுகள்தான். ம-வில் ஒரு சின்ன வளைவு. புள்ளிக்கு ஒரே ஒரு தையல். 7 கட்டம் உயரம் வைத்தால் அரை அங்குல எழுத்து வரும். பக்கத்தில் வண்ணத் தாளில் ஒரு பட்டம் வெட்டி ஒட்டினால் அட்டை தயார். அ, இ, ஐ போன்ற சுழி எழுத்துகளுக்கு 15 கட்டமாவது வேண்டும். வளைவை 1 இழையில் பேக் ஸ்டிச்சாகப் போடுங்கள். ஓரத்துக்குப் புள்ளிக்கோலம் இருக்கிறது. பனைமரமும் ஒன்டாரியோவின் டிரில்லியம் பூவும் ஒரே துணியில் அழகாகச் சேர்கின்றன.

எங்கள் மேசையில் இந்த இடத்தில்தான் பேச்சு தொடங்கும். பிள்ளைகளுக்குக் கண் இருக்கிறது, எழுத்து தெரியாது. அம்மம்மாவுக்கு எழுத்து தெரியும், கட்டம் தெரியாது. “சுழி உள்ளுக்குப் போகோணும் பிள்ளை” என்று அவர் சொல்ல, பேத்தி அழித்து அழித்துப் போடுகிறாள். இரண்டு பேரும் இல்லாமல் ஓர் ‘அ’ வராது.

மூத்தவர்களோடு தைக்கும்போது சில விஷயங்களைக் கவனியுங்கள். நீரிழிவால் விரல் மரத்தவர்களுக்கு ஊசி குத்தினாலும் தெரியாது. மழுங்கிய முனை அவர்களுக்குத்தான் மிகவும் தேவை. ஊசியை ஒட்டிவைக்கிற காந்தத்தை, பேஸ்மேக்கர் வைத்தவர்களின் நெஞ்சுக்கு 15 சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள். மூட்டுவலி உள்ளவர்களுக்கு ஸ்பிரிங் கத்தரிக்கோல் எளிது. வலதுகைக்காரருக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வரட்டும்.

இவ்வளவும் பழகியபின், செய்ய ஒரு வேலை இருக்கிறது. டிமென்ஷியா என்கிற மறதி நோய் வந்த பலருக்கு, பின்னால் கற்ற ஆங்கிலம் முதலில் நழுவிப்போகிறது. எங்கள் வேலையில் இதை அடிக்கடி பார்க்கிறோம். தமிழ் தெரிந்தவர்கள் யாரும் இல்லாத ஒரு வார்டில் ஓர் ஐயா இரவெல்லாம் “குளிருது, குளிருது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். சும்மா சத்தம் போடுகிறார் என்றுதான் நினைத்தார்கள். காலையில் எங்களில் ஒருவர் டியூட்டிக்குப் போன பிறகுதான் அவருக்கு இன்னொரு போர்வை கிடைத்தது.

ஆகவே சொல் அட்டைகள் செய்யுங்கள். வலி, தண்ணீர், குளிர், பசி, பாத்ரூம், பயம், மகள், ஜெபம்: எட்டுச் சொற்கள் போதும். மேலே காகிதத்தில் வெட்டி ஒட்டிய பெரிய படம். நடுவில் தடித்த தமிழ் எழுத்து. கீழே அங்கே வேலை செய்பவர் வாசித்துச் சொல்லும்படி ஆங்கில எழுத்தில் உச்சரிப்பும் பொருளும். வீட்டில் அவர் எந்தச் சொல்லைச் சொல்வார் என்று குடும்பத்தாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்து அம்மா “நோகுது” என்பார். திருநெல்வேலிப் பாட்டி “வலிக்குது” என்பார். மாற்றி எழுதிய அட்டையைக் காட்டி வாசித்தால் பதில் வராமல் போகலாம்.

அட்டையின் முனைகளை வட்டமாக வெட்டி லேமினேட் செய்யுங்கள். துடைத்துச் சுத்தம் செய்ய முடிய வேண்டும். மினுக்குத் தூள், மணி, குண்டூசி வேண்டாம். அறையில் மாட்டுவதற்கு முன் அங்குள்ள நர்ஸிடம் கேளுங்கள். கதவுக்கு அவருடைய பெயரைக் கிராஸ் ஸ்டிச்சில் தமிழில் தைத்துக் கொடுக்கலாம். தன் பெயரைத் தன் எழுத்தில் பார்த்து அறையை அடையாளம் கண்டவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

வருகிற சனிக்கிழமை வாருங்கள். துணியும் நூலும் எங்களிடம் இருக்கின்றன. வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள். மேசையில் ‘ழ’ போடத் தெரிந்தவர்கள் இன்னும் தேவைப்படுகிறார்கள்.