விலக்கிய உணவைத் திரும்பவும் தட்டில் வையுங்கள்



வீட்டில் ஒரு பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்று தெரிந்துவிட்டால் போதும். வருகிறவர், போகிறவர் எல்லோரும் வைத்தியராகி விடுகிறார்கள். கத்தரிக்காய் கிரந்தி, அதை நிறுத்துங்கள் என்பார் ஒருவர். இறால் ஒத்துக்கொள்ளாது என்பார் இன்னொருவர். முட்டை சூடு, அன்னாசி ஆகாது, கோதுமை மா வயிற்றில் ஒட்டும் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். சொல்கிறவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் நிறுத்தச் சொன்னவர்களில் எவரும், எத்தனை நாளைக்கு நிறுத்துவது, எப்போது திரும்பக் கொடுத்துப் பார்ப்பது என்று சொல்வதில்லை. இதனால் எத்தனையோ வீடுகளில் பிள்ளையின் தட்டு சுருங்கிக்கொண்டே போகிறது. வருத்தமோ இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இதை என் மூத்த மகளின் விடயத்தில் நான் கண்ணால் கண்டேன். அவள் சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்த வருடம். வாரத்தில் மூன்று, நான்கு நாள் வயிறு ஊதும், முறுக்கும். சில நாட்களில் வயிற்றோட்டமும் வரும். பாடசாலைக்குப் போகாத நாட்கள் கூடின. சொந்தக்காரர் சொன்னதையெல்லாம் கேட்டுக் கேட்டு, பயத்தில் அவளாகவே ஒவ்வோர் உணவையும் விட்டுக்கொண்டு வந்தாள். முதலில் இறால், பிறகு முட்டை, கத்தரிக்காய், பருப்பு. கடைசியில் பாணும் ரொட்டியும். சோறும் ஒரு துண்டு மீனும் கொஞ்சம் ஆணமும்தான் மிஞ்சின. பிள்ளையின் தோளெலும்பு வெளியே தெரியத் தொடங்கியது. பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறாள் என்று ஒருவர் அவள் காதுபடவே சொல்லிவிட்டார். வயிற்று வலியை விட அந்தச் சொல்தான் அவளை அதிகம் வாட்டியது.

நாங்கள் போய்ப் பார்த்த டொக்டர் ஒரு பெண்மணி. உடனே மருந்து எழுதவில்லை. மலத்தோடு இரத்தம் போகிறதா, காய்ச்சல் உண்டா, இரவில் வலியாலோ வயிற்றோட்டத்தாலோ தூக்கம் கலைகிறதா, விழுங்கக் கஷ்டமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நிறை குறைந்தது நோயாலா, சாப்பிடாததாலா என்றும் துருவினார். சகோதரிகளே, இந்தக் கேள்விகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இவற்றில் ஏதேனும் இருந்தால், அல்லது இரத்தசோகை இருந்தால், அது வீட்டில் உணவை மாற்றிப் பார்க்கும் விடயமல்ல. முதலில் பரிசோதனை வேண்டும்.

அடுத்து அவர் கேட்டது, பாணை விட்டு எத்தனை நாளாகிறது என்று. ஒரு கிழமை என்றோம். திரும்பவும் சாப்பிடச் சொன்னார். கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடலைச் சேதப்படுத்தும் சீலியாக் என்றொரு நோய் உண்டு. அதற்கு இரத்தப் பரிசோதனை இருக்கிறது. ஆனால் கோதுமையை நிறுத்திவிட்டுப் பரிசோதித்தால், நோய் இருந்தாலும் இல்லை என்று காட்டிவிடக்கூடும். ஆகவே கோதுமையில் சந்தேகமிருந்தால் முதலில் பரிசோதனை, பிறகுதான் விலக்கல். இந்த வரிசை தவறக்கூடாது. மகளுக்கு, அல்ஹம்துலில்லாஹ், அந்த நோய் இல்லையென்று வந்தது.

அதன் பின்னர் டொக்டர் ஒரு கொப்பி வாங்கச் சொன்னார். இரண்டு கிழமைக்கு எல்லா உணவும் வழமைபோல் உண்ண வேண்டும், எதையும் தள்ளக்கூடாது. என்ன உண்டாள், எத்தனை மணிக்கு, எவ்வளவு, வலி வந்த நேரம் எது, அன்று தூக்கம் எப்படி, பாடசாலையில் ஏதும் மனக்கஷ்டமா, மாதவிடாய் நாளா என்று எல்லாவற்றையும் எழுத வேண்டும். வாயில் போன ஒரு பிஸ்கட்டும் விடுபடக்கூடாது.

கொப்பி நிரம்பியபோது, இறால் உண்ட நாளில் ஒன்றுமில்லை. முட்டை உண்ட நாளிலும் ஒன்றுமில்லை. வலி வந்த நாட்களில் எல்லாம் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு முன்னர் ஒரு பெரிய கோப்பை பால், அல்லது டியூஷன் முடிந்து வரும் வழியில் ஒரு பால் பக்கட், அல்லது ஐஸ்கிறீம் இருந்தது. படிக்கிற பிள்ளைக்குப் பலம் வேண்டும் என்று மூத்தம்மா அன்போடு கலக்கிக் கொடுத்த பால் அது. ஊரெல்லாம் குற்றம் சொன்ன பட்டியலில் பாலின் பெயரே இருக்கவில்லை.

என்றாலும் கொப்பி சந்தேகத்தைத்தான் தந்தது. தீர்ப்பைத் தருவது அடுத்த இரண்டு படிகள்.

முதற்படி விலக்கல். சந்தேகமுள்ள ஒன்றை மட்டும் முழுமையாக நிறுத்த வேண்டும். பொதுவாக இதற்கு 2 முதல் 6 கிழமை வரை எடுப்பார்கள். எங்களுக்கு 2 கிழமை போதுமென்றார் டொக்டர். பால், பால்தேநீர், யோகட், டின்பால், ஐஸ்கிறீம், பால் சொக்லட் எல்லாம் நின்றன. பிஸ்கட் பக்கட்டுகளின் பின்புறத்தில் பால்மா, வே, லக்டோஸ் என்ற சொற்களைத் தேடிப் படித்தோம். நோன்பு மாதத்திலும், பெருநாளை அண்டியும், கலியாண வீடுகள் வரும் நாட்களிலும் இதைத் தொடங்காதீர்கள். நோன்பில் உண்ணும் நேரமே மாறிவிடும்; எதனால் எது வந்தது என்று பிரித்தறிய முடியாது. கலியாண வீட்டுச் சஹனில் ஆறு பேரோடு அமர்ந்திருக்கும்போது, எதில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்கவும் இயலாது. சாதாரணமான ஒரு மாதத்தைத் தெரிவு செய்யுங்கள்.

மகளுக்கு ஐந்தாறு நாளில் வயிறு அடங்கியது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இத்தோடு போதும், இனிப் பாலே வேண்டாம் என்றார்கள். பெரும்பாலான வீடுகளில் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். ஆனால் வயிறு சுகமானது பாலை விட்டதால்தானா? அந்த இரண்டு கிழமையில் பாடசாலை விடுமுறையும் வந்தது, நன்றாகத் தூங்கினாள், வெளியில் வாங்கித் தின்பதும் குறைந்தது. இவற்றில் எதுவும் காரணமாயிருக்கலாம் அல்லவா?

ஆகவே இரண்டாவது படி, திரும்பக் கொடுத்தல். முதல் நாள் கால் கிளாஸ் பால், அடுத்த நாள் அரை, மூன்றாம் நாள் முழு கிளாஸ். வேறெதையும் மாற்றக்கூடாது. கால் கிளாஸில் ஒன்றுமில்லை. அரை கிளாஸில் சற்று ஊதல். முழு கிளாஸ் குடித்து ஒன்றரை மணி நேரத்தில் பழைய முறுக்கு அப்படியே வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்த பிள்ளை, "உம்மா, அப்ப நான் நடிக்கல்ல தானே?" என்று கேட்டாள். கண்ணில் நீரும் முகத்தில் சிரிப்பும் ஒன்றாயிருந்தன. ஒருமுறை வந்தது தற்செயலாகவும் இருக்கலாம் என்பதால், சில நாள் விட்டு மீண்டும் செய்து பார்த்தோம். அதே விடைதான் வந்தது. முன்பு தள்ளிவைத்த இறால், முட்டை, கத்தரிக்காய், பருப்பு, பாண் அனைத்தும் அவள் தட்டுக்குத் திரும்பி வந்தன.

பாலிலுள்ள இயற்கையான சர்க்கரைக்கு லக்டோஸ் என்று பெயர். அதை உடைக்கும் லக்டேஸ் என்ற நொதியம் சிறுகுடலில் சுரக்கிறது. குழந்தைப் பருவம் கடந்ததும் உலக மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு அது குறைந்துவிடுகிறது. உடைபடாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பக்டீரியாக்களால் புளித்து வாயுவாகிறது, நீரையும் இழுக்கிறது. ஊதலும் வயிற்றோட்டமும் அதனால்தான். குடலுக்கு அதனால் சேதமில்லை.

இங்கே அளவு முக்கியம். 250 மில்லிலீற்றர் பசுப்பாலில் சுமார் 12 கிராம் லக்டோஸ் உண்டு. முழு ஆடைப் பால்மாவில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 38 கிராம். இரண்டு தேக்கரண்டி பால்மா போட்ட தேநீரிலோ மூன்று, நான்கு கிராம்தான். ஆகவே என் மகள் காலையில் ஒரு பால்தேநீர் தாராளமாகக் குடிக்கிறாள். பெரிய கோப்பைப் பாலும், நோன்பு துறந்தவுடன் வெறும் வயிற்றில் பலூடாவும்தான் ஆகாது. தயிரில் பாலைப் புளிக்கச் செய்த பக்டீரியாக்களே லக்டோஸில் ஒரு பகுதியைத் தீர்த்துவிடுவதால், தயிர் பலருக்கு ஒத்துக்கொள்கிறது. தேங்காய்ப்பாலில் லக்டோஸ் இல்லவே இல்லை. நோன்புக் கஞ்சிக்கும், தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் முட்டையும் சேர்த்துச் செய்யும் நமது வட்டிலப்பத்துக்கும் எந்தத் தடையும் கிடையாது. பெருநாளன்று இதைக் கேட்டு மகள் அடைந்த சந்தோஷம் கொஞ்சமல்ல. பால் குறைந்த இடத்தில் கல்சியத்துக்கு முள்ளோடு உண்ணும் நெத்தலியும், தயிரும், எள்ளும், கீரையும் வந்தன.

விலக்கிப் பார்த்து, திரும்பக் கொடுத்துப் பார்க்கும் இந்த முறை புதியதன்று. மேலே சொன்ன சீலியாக் நோய்க்குக் கோதுமைதான் காரணம் என்று நிறுவியவர் நெதர்லாந்தின் குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்க. 1930களிலேயே அவருக்கு அந்தச் சந்தேகம் இருந்தது. உலகப் போரின் இறுதியில், 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் பாண் அரிதாகிப்போன அனுபவம் அதை உறுதிப்படுத்தியது. கோதுமையை நிறுத்தினால் பிள்ளைகள் தேறுவதையும், திரும்பக் கொடுத்தால் மீண்டும் நோயுறுவதையும் நெடுநாள் அவதானித்து 1950இல் தமது ஆய்வேட்டில் எழுதினார். நிறுத்தியது மட்டும் அவருக்கும் போதுமானதாயிருக்கவில்லை.

இனிச் சில எச்சரிக்கைகள். ஏதேனும் உண்ட சில நிமிடங்களில் உதடு, முகம் வீங்குதல், உடம்பெல்லாம் தடிப்பு, இளைப்பு, மயக்கம் வந்திருந்தால் அது ஒவ்வாமை, உயிருக்கே ஆபத்தானது. அந்த உணவை வீட்டில் ஒருபோதும் திரும்பக் கொடுத்துப் பார்க்காதீர்கள். அது வைத்தியசாலையில் வைத்தியர் முன்னிலையில் செய்யப்பட வேண்டியது. பாலுக்கு ஒவ்வாமை உள்ளவருக்குத் தயிரும் கூடாது; லக்டோஸ் கதை அவருக்குப் பொருந்தாது.

சூரை, கெலவல்லா போன்ற மீன்கள் ஐஸில் சரியாக வைக்கப்படாவிட்டால் அவற்றில் ஹிஸ்டமின் உண்டாகும். சமைத்தாலும் அது போகாது. அதை உண்டு முகம் சிவந்து தலையிடித்தால், மீனே ஆகாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். குற்றம் அன்றைய மீனின் பழுதில் இருக்கலாம்.

கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும், நீரிழிவுக்கு மருந்தெடுப்பவர்களும் வைத்தியரைக் கேளாமல் உணவை விலக்க வேண்டாம். கைக்குழந்தைக்கு வயிறு சரியில்லை என்று தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம். இரத்தத்தில் ஐஜீஜி பார்த்து நூறு உணவுக்குப் பட்டியல் தருகிறோம் என்று விற்கப்படும் பரிசோதனைகளில் பணத்தைக் கொட்டாதீர்கள். ஓர் உணவை நாம் உண்டு வருகிறோம் என்பதையே அந்த ஐஜீஜி காட்டுகிறது. ஐரோப்பிய ஒவ்வாமை நிபுணர் கழகம் 2008இலேயே இதை வேண்டாமென்று கூறிவிட்டது.

கடைசியாக ஒன்று. விருந்து வீட்டில் ஒரு பெண் "எனக்கு இது ஒத்துக்கொள்ளாது" என்றால் முகம் சுளிக்கிறோம். ரிஸ்க்கை வேண்டாமென்பதா என்று கேட்கிறோம். நபி (ஸல்) அவர்கள் முன் உடும்பு இறைச்சி வைக்கப்பட்டபோது, தம் சமூகத்தாரின் பூமியில் இல்லாததால் தமக்கு அதில் நாட்டமில்லை என்று உண்ணாமல் விட்டார்கள். ஆனால் அதை ஹராமாக்கவில்லை. அதே விரிப்பில் காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் அதை உண்டார்கள். உண்ணாதவரையும் உண்டவரையும் ஒரே விரிப்பு தாங்கியது. நமது சஹனுக்கும் அந்த இடம் இருக்கட்டும்.

உங்கள் வீட்டில் ஏதோ ஓர் உணவை யாரோ சொல்லி, எப்போதோ நிறுத்தி, இன்றுவரை நிறுத்தியே வைத்திருக்கும் ஒருவர் இருக்கக்கூடும். மருமகளாக இருக்கலாம், வயதான உம்மாவாக இருக்கலாம். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேளுங்கள். உதடு வீங்கியதோ இளைத்ததோ என்றால் அதை அப்படியே விட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். வெறும் பேச்சுத்தான் காரணம் என்றால், கொப்பி ஒன்றை வாங்கிக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக அந்த உணவைத் திரும்ப வைத்துப் பாருங்கள். இன்ஷா அல்லாஹ், பலருக்கு ஒன்றும் நேராது. நேர்ந்தால், எது, எவ்வளவு என்று தெரிந்துகொண்டு மற்றவற்றை நிம்மதியாக உண்ணலாம்.