சொல்லாமல் விட்ட கணக்கு

ராமநாதபுரம் மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் 2014, 2015 வாக்கில் சூரிய மின் நிலையத்துக்கு நிலம் பேசி முடித்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். கமுதியில் 2016 செப்டம்பரில் இயங்கத் தொடங்கிய 648 மெகாவாட் நிலையத்தைப் பலரும் அறிவார்கள். அதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. நான் வேலை பார்த்தது அதைவிட மிகச் சிறிய திட்டம் ஒன்றுக்கு. அந்தக் கம்பெனியின் பெயரை எழுதப்போவதில்லை. திண்ணை திண்ணையாக உட்கார்ந்து பேசியவன் நான், பொய் சொன்னது என் வாய். எழுத வேண்டியதும் அதைத்தான்.

சூரிய மின்சாரத்தின் மேல் எனக்கு அப்போதும் நம்பிக்கை இருந்தது, இப்போதும் இருக்கிறது. நான் செய்த தப்பைச் சொன்னவுடன், “பார்த்தீர்களா, இந்தத் திட்டமே மோசடி” என்று பேச ஆரம்பிப்பவர்கள் உண்டு. அவர்களோடு சேர என்னால் முடியாது. இந்தியாவில் ஒரு மனிதருக்குக் கிடைக்கும் மின்சாரம் இன்றும் உலகச் சராசரியில் பாதிக்கும் குறைவு. கிடைப்பதிலும் பெரும்பங்கு நிலக்கரியை எரித்து வருகிறது. நமக்கு இன்னும் நிறைய மின்சாரம் வேண்டும், அது புகை இல்லாமல் வர வேண்டும். 2010 ஜனவரியில் தேசிய சூரிய மின்சக்தித் திட்டம் தொடங்கியபோது 2022க்குள் 20,000 மெகாவாட் என்றுதான் இலக்கு வைத்தார்கள். 2015இல் அதை ஒரு லட்சம் மெகாவாட்டாக உயர்த்தினார்கள். சொன்ன ஆண்டில் முடியவில்லை என்றாலும் 2025 ஜனவரி கடைசியில் நாடு அந்த எண்ணைத் தாண்டியது. நான் இந்த வேலைக்குள் வந்த 2014இல் நாடு முழுவதற்கும் சேர்த்தே மூவாயிரம் மெகாவாட் சொச்சம்தான் இருந்தது. பத்து வருடத்துக்குச் சற்று மேல், முப்பது மடங்கு. விலையும் அப்படியே விழுந்தது. தொடக்க ஏலங்களில் யூனிட் பத்து ரூபாய்க்கும் மேல் போனது, 2017 மே மாதம் ராஜஸ்தான் பட்லாவில் 2 ரூபாய் 44 காசுக்கு வந்து நின்றது. இந்த வளர்ச்சி உண்மையானது.

இப்படி வளரும் என்பது எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. என் குற்றம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பத்திர எழுத்தர் ஒருவரிடம் பல வருடம் உதவியாளாக இருந்தவன் நான். பட்டா, சிட்டா, வில்லங்கம் எல்லாம் அத்துப்படி. எந்த சர்வே எண்ணில் யார் யார் பங்காளி, அதில் யார் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், எந்த வீட்டில் நகை அடமானத்தில் கிடக்கிறது என்பதுவரை தெரியும். கம்பெனி என்னைத் தேடி வந்தது இதற்காகத்தான். வந்தவர்கள் திட்ட அறிக்கையின் நகல் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். நிலம் எந்த வாக்கில், எவ்வளவு சமதளமாக, துணை மின் நிலையத்திலிருந்து எவ்வளவு தூரத்துக்குள் வேண்டும் என்று நான் தெரிந்துகொள்வதற்காகக் கொடுத்தது. நான் அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தேன். பணக் கணக்கும் அதில்தான் இருந்தது.

2014 செப்டம்பரில் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் சூரிய மின்சாரத்துக்கு யூனிட் 7 ரூபாய் 1 காசு என்று விலை வைத்தது. ஒப்பந்தம் 25 வருடத்துக்கு. குறித்த தேதிக்குள் வேலையை முடிப்பவர்களுக்கே அந்த விலை, அதனால் எல்லோருக்கும் அவசரம். ஒரு மெகாவாட்டுக்கு ஐந்து ஏக்கர் போதும். ஐந்து ஏக்கரிலிருந்து வருடத்துக்கு 16 லட்சம் யூனிட்டுக்கு மேல் வரும். பெருக்கிப் பார்த்தால் ஒரு கோடியே பதினாறு லட்சம் ரூபாய், ஏக்கருக்கு 23 லட்சம். முழுவதும் லாபம் என்று சொல்ல மாட்டேன். மெகாவாட்டுக்கு ஏழு கோடி முதலீடு, வங்கி வட்டி, பராமரிப்பு எல்லாம் உண்டு. ஆனால் அந்தத் திட்டத்தின் மொத்தச் செலவில் நிலத்தின் பங்கு எவ்வளவு சின்னது என்று அறிக்கையைப் பார்த்த யாருக்கும் புரியும். எனக்கும் புரிந்தது. நான் போய்ப் பேசிய வீடுகளில் ஒருவருக்குக்கூட அது தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலையின் முக்கால் பாகம்.

நிலம் எப்படிப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் மிளகாய், மல்லி, கொஞ்சம் குதிரைவாலி. பெய்யாவிட்டால் சீமைக்கருவேலம். பிள்ளைகள் ஊரைவிட்டுப் போய்விட்ட வீடுகளில் நிலம் சும்மா கிடந்தது உண்மை. நாட்டின் சூரிய மின்வளம் 748 ஜிகாவாட் என்று அப்போது ஒரு கணக்கு இருந்தது. தரிசு நிலத்தில் 3 சதவீதத்தை மட்டும் பலகைகளால் மூடினால் கிடைக்கக்கூடியது அது. எங்கோ போட்ட அந்தக் கணக்கின் 3 சதவீதம் என்பது இங்கே யாரோ ஒருவரின் மூன்று ஏக்கர். அந்த மூன்று ஏக்கரை வாங்கப் போனவன் நான்.

வாங்கிய முறையைச் சொல்கிறேன். ஊரின் நடுவிலிருந்து ஆரம்பிக்க மாட்டோம். பாதை ஓரத்து நிலங்களைத்தான் முதலில் முடிப்போம். பணத்தேவை உள்ள வீடாகப் பார்த்து, கேட்ட விலையைவிடச் சற்றுக் கூடுதலாகவே கொடுத்து, கையோடு கிரயம். பாதை ஓரம் முடிந்ததும் வேலி விழும். உள்ளே இருக்கும் நிலத்துக்கு மாட்டு வண்டி போக முடியாது, டிராக்டர் போக முடியாது. பிறகு உள்ளே இருப்பவர்கள் தாமாகவே வந்து, “எங்களதையும் எடுத்துக்கங்க” என்பார்கள். அப்போது விலை இறங்கும். கூட்டுப் பட்டாவாக இருந்தால் ஊரில் இருக்கும் பங்காளியிடம் முதலில் அட்வான்ஸ் கொடுத்து, வெளியூரில் இருப்பவரைப் போனில் அவசரப்படுத்துவோம். தயங்குகிறவர்களிடம் கடைசியாகச் சொல்ல ஒரு வாக்கியம் வைத்திருந்தேன்: “நாளைக்கு கவர்மெண்டே எடுத்தா இந்த வெலைகூட வராது.” அரசு எடுக்கும் யோசனை எதுவும் அங்கே இருக்கவில்லை. அதை நான் அறிந்தே சொன்னேன்.

புருஷன் இல்லாத ஒரு பெரியம்மா. ஊரில் எல்லோரும் அவரை அப்பத்தா என்பார்கள், நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். மூன்று ஏக்கர். அவர் பத்திரம் படிக்கத் தெரியாதவர். ஆனால் எனக்கு வந்த கேள்விகளிலேயே சரியான கேள்வியை அவர்தான் கேட்டார். “வித்துட்டாப் போயிருமே அப்பு. குத்தகைக்கு எடுத்துக்கிருவாகளா? வருசா வருசம் கொடுத்தாகன்னா எனக்குப் பெறகு பேரப்பிள்ளைகளுக்கு ஆகுமுல்ல?”

“குத்தகைக்கெல்லாம் எடுக்க மாட்டாக அப்பத்தா” என்றேன்.

அறிக்கையில் நீண்டகாலக் குத்தகைக்கு ஒரு பத்தி இருந்தது. ஊர்க்காரர்கள் விற்க மறுத்தால் அந்த வழியைப் பார்க்கலாம் என்று எழுதியிருந்தார்கள். குத்தகை என்றால் எனக்குக் கமிஷன் குறைவு, வேலை நீளும், ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள். யோசிக்கக்கூட இல்லை, பதில் தானாக வந்தது. ஏக்கர் ஒன்றேகால் லட்சம் என்று மூன்று ஏக்கருக்கு மூன்றே முக்கால் லட்சம். பத்திர ஆபீஸில் அவர் கட்டைவிரலைப் பிடித்து மையில் வைத்ததும் நான்தான்.

நான் இங்கே கிரயம் முடித்துக்கொண்டிருந்த அதே காலத்தில் கர்நாடகத்தில், தும்கூர் மாவட்டத்துப் பாவகடாவில், 2,050 மெகாவாட் பூங்காவுக்கு ஏறக்குறைய 13,000 ஏக்கரை விவசாயிகளிடமிருந்து குத்தகைக்கு எடுத்தார்கள். ஏக்கருக்கு வருடம் 21,000 ரூபாய், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வு. பட்டா விவசாயிகள் பெயரிலேயே இருக்கிறது. நம்மைப் போன்ற வறண்ட பூமிதான் அதுவும். இதை நான் பிறகு படித்தபோது அப்பத்தாவின் மூன்று ஏக்கரை வைத்துக் கணக்குப் போட்டேன். வருடம் 63,000. நான் மொத்தமாகக் கொடுத்த விலை ஆறு வருடக் குத்தகைக்குச் சமம். மீதி 19 வருடமும், அதற்குப் பிறகு நிலமும், அவர் குடும்பத்துக்கு இல்லாமல் போயிற்று.

“நீ கூடுதலாகக் கொடுக்கச் சொல்லியிருந்தால் திட்டமே வந்திருக்காது, மின்சாரம் விலை ஏறியிருக்கும்” என்று எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் உண்டு. நானும் கொஞ்ச காலம் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கணக்கு அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஐந்து ஏக்கருக்குப் பாவகடா குத்தகை ஒரு லட்சத்து ஐயாயிரம். ஐந்து ஏக்கரின் மின்சாரம் ஒரு கோடியே பதினாறு லட்சம். நூறு ரூபாயில் ஒரு ரூபாய்கூட இல்லை. பிற்பாடு ஏலத்தில் வந்த இரண்டரை ரூபாய் விலையை வைத்துப் பார்த்தாலும் நூறில் இரண்டரை ரூபாய்தான். சூரிய மின்சாரம் மலிவானதற்குப் பலகையின் விலை விழுந்தது காரணம், வட்டி குறைந்தது காரணம். அப்பத்தாவை ஏமாற்றியதால் நாட்டில் ஒரு யூனிட்கூட மலிவாகவில்லை. மிச்சமான பணம் கம்பெனிக்கும் எனக்கும் போயிற்று. எனக்குப் போனது கமிஷன் மட்டுமல்ல. கம்பெனி சொன்ன விலைக்கும் நான் பேசி முடித்த விலைக்கும் இடையிலிருந்த வித்தியாசத்தையும் நான் எடுத்துக்கொண்டேன். இதை என் வீட்டில்கூடச் சொன்னதில்லை. இப்போது குடியிருக்கும் வீட்டின் மாடி அந்தப் பணம்.

நிலம் இருந்தவர்களுக்காவது ஒரு தொகை கையில் போயிற்று. கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைத்தவர்கள், விறகு எடுத்த பெண்கள், அறுப்பு முடிந்த காட்டில் ஆட்டுக்கிடை போட்டவர்கள் யாரிடமும் நான் பேசவே இல்லை. அவர்கள் பெயர் எந்தப் பட்டாவிலும் இல்லை என்பதால் என் பட்டியலிலும் இல்லை. புலப்படத்தில் கண்மாய்க்கு ஒரு வரத்துக்கால் போவது தெளிவாகத் தெரிந்தது. புல்டோசர் அதைச் சமப்படுத்தியபோது நான் பக்கத்தில் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குழாய் பதித்திருப்பார்கள், பெரிய செலவு கிடையாது. சொல்லவில்லை. “ஊருக்கே வேலை கிடைக்கும்” என்றும் சொல்லியிருந்தேன். கட்டுமானம் நடந்த மாதங்களில் கிடைத்தது. அதன் பிறகு காவலுக்கும் பலகை கழுவுவதற்கும் புல் வெட்டுவதற்கும் சில பேர், அதுவும் ஒப்பந்தக் கூலி.

அந்தக் கிரயப் பத்திரங்களை இனி மாற்ற முடியாது. ஆனால் இனி நிலம் கொடுப்பவர்களுக்கு விற்காமலும் வழி உண்டு. 2019இல் வந்த பிரதமர் குசும் திட்டத்தில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை விவசாயியே தன் தரிசில் நிலையம் வைக்கலாம், இல்லையென்றால் அதற்கு நிலத்தைக் குத்தகைக்கு விடலாம் என்று விதி வைத்தார்கள். 2030க்குள் நிலக்கரி, எரிவாயு இல்லாத மின்திறன் 500 ஜிகாவாட் என்று நாடு இலக்கு வைத்திருக்கிறது. ஆகவே எங்கள் பக்கத்துக்கு இன்னும் பல கம்பெனிகள் வரும், வந்துகொண்டும் இருக்கின்றன. என்னைக் கேட்டு வருகிற நிலக்காரர்களிடம் இப்போது திட்ட அறிக்கையில் என்ன இருக்கும் என்று சொல்கிறேன். எத்தனை மெகாவாட், யூனிட் என்ன விலைக்கு ஒப்பந்தம், எத்தனை வருடம் என்று கேட்கச் சொல்கிறேன். பாதையையும் வரத்துக்காலையும் பத்திரத்திலேயே எழுதி வாங்கச் சொல்கிறேன். இதனால் அப்பத்தாவுக்கு எதுவும் திரும்பி வராது. அவர் இறந்துவிட்டார். மகனைப் பார்த்து வித்தியாசப் பணத்தை எடுத்த கதையைச் சொன்னேன், அவருடைய பங்கைக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறேன். மற்ற வீடுகளுக்கு இன்னும் போகவில்லை. பயம்தான் காரணம்.

கிடைக்காரர்கள் விஷயத்திலும் பாதியில் விட்ட ஒன்று இருக்கிறது. மழை முடிந்ததும் பலகை வரிசைகளுக்கு நடுவே முழங்கால் உயரம் புல் வளரும். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அந்த இடத்தில் செம்மறியை விட்டு மேய்க்கிறார்கள். புல் வெட்டும் கூலி மிச்சம், ஆட்டுக்கும் தீவனம். இங்கே நிலையத்து மேலாளரிடம் கேட்டேன். கேபிளைக் கடிக்கும், பலகையில் ஏறும் என்றார். செம்மறி ஏறாது, வெள்ளாடுதான் ஏறும், கேபிளைக் குழாய்க்குள் விட்டுவிடலாம் என்று நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். இந்த வருடம் தை மாதம் கிடைக்காரர் இரண்டு பேரையும் உடன் அழைத்துக்கொண்டு போய், எழுத்து மூலமாகவே கேட்கப் போகிறேன்.