எண்பத்தொரு ஆண்டு உழைத்த இரும்பு

1852-ல் இங்கிலாந்தின் ஜாரோவில், டைன் ஆற்றங்கரையில் சார்லஸ் பாமர் கட்டிய இரும்பு நீராவிக் கப்பல் ‘ஜான் போஸ்’. லண்டனுக்கு நிலக்கரி சுமக்கக் கட்டியது. முதல் பயணத்தில் 650 டன் கரியைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு ஐந்தே நாளில் திரும்பியது. இரண்டு பாய்க்கப்பல்கள் ஒரு மாதம் பாடுபட்டுச் செய்யும் வேலை அது. எஞ்சின் மாறி, கை மாறி, பெயர் மாறி, கடைசியில் ஸ்பெயினில் ‘வில்லா செல்காஸ்’ என்ற பெயரில் 1933 வரை ஓடியது. இன்றைய சரக்குக் கப்பல்களோ பெரும்பாலும் இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் குஜராத்தின் அலங் போன்ற கரைகளில் உடைபடப் போய்விடுகின்றன.

பழைய இரும்பு நல்ல இரும்பு என்று சொல்லிவிடுவார்கள். கப்பல் தகடுகளைச் சோதிப்பதையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு அது பாதி உண்மைதான். அன்றைய தகடு தேனிரும்பு; அதில் கசடு இழையிழையாக ஓடியிருக்கும். துரு உள்ளே இறங்குவதை அது தாமதப்படுத்தும். வலிமைக் கணக்கு தேறாத காலமென்பதால் தகட்டையும் தடிமனாகவே போட்டார்கள். ஆனால் அதே தகடு வயதானால் படலம் படலமாக உரியும்.

மறுபாதி, பார்த்துப் பார்த்துச் செய்த பழுதுவேலை. ரிவெட் அடித்த கப்பலில் கெட்ட தகட்டை மட்டும் கழற்றிப் புதிது போடலாம். ரிவெட்டைச் சோதிக்கும் முறையை மூத்தவர்கள் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். தலையின் ஒரு பக்கம் விரலை வைத்துக்கொண்டு மறுபக்கம் சுத்தியலால் தட்ட வேண்டும். விரலில் அசைவு தட்டினால் ரிவெட் தளர்ந்துவிட்டது. தகட்டுக்குக் காதே போதும். நல்லது கணீரென்னும், அரித்தது மொத்தென்னும்.

நீராவிக் கப்பலை அரிப்பு முதலில் பிடிக்கும் இடங்கள் பாய்லருக்கு அடியிலும் கரி அறையின் மூலையிலும்தான். பாய்லர் சூடும் கப்பலடியில் தேங்கும் பில்ஜ் தண்ணீரும் சேர்ந்தால் துரு ஓடிப் பரவும். ஈரக்கரியில் உள்ள கந்தகம் அமிலமாகித் தகட்டைத் தின்னும். இந்த அரிப்பைத் தடுக்கத்தான் அந்தக் காலத்தில் அடித்தகட்டின் உட்புறம் சிமெண்ட் பூசினார்கள். சிமெண்டுக்கும் தகட்டுக்கும் நடுவே தண்ணீர் புகுந்துவிட்டாலோ, மேலே பார்க்க எல்லாம் நன்றாக இருக்கும். கீழே தகடு காகிதமாகியிருக்கும். அங்கே வயிற்றால் ஊர்ந்து போய்த் தட்டிப் பார்த்த கைகள் இல்லாமல் எந்தக் கப்பலும் எண்பத்தொரு ஆண்டு ஓடியிருக்காது.

இப்போது தொழிலுக்கு வரும் தம்பிகளிடம் மீயொலி அளவி இருக்கிறது. அருமையான கருவி. ஆனால் வைத்த புள்ளியின் தடிமனைத்தான் அது சொல்லும்; பக்கத்தில் இருக்கும் குழி அதற்குத் தெரியாது. படலம் பிரிந்த பழைய இரும்பில் முதல் படலத்தோடு நின்று தப்புக் கணக்கும் காட்டும். அறிக்கையில் எண்ணை எழுதும் முன் சுத்தியலை எடுத்துக்கொண்டு அந்த இருட்டுக்குள் ஒருமுறை போய் வாருங்கள்.