இரண்டாம் பருவம், மூன்றாம் வகுப்பு, ஆங்கிலம்

திட்டம் எழுத உட்கார்ந்தாயிற்று. அக்டோபர், நவம்பர், டிசம்பர்.

காலண்டரில் மூன்று மாதம். ஆயுத பூஜை, தீபாவளி, மழை விடுமுறை, அரையாண்டுத் தேர்வு எல்லாம் இதற்குள்ளேதான். கழித்தது போக மிச்சம் எதுவோ அதுதான் பருவம்.

மழை விடுமுறைக்குப் பதிவேட்டில் கட்டம் கிடையாது. டிவியில் கீழே ஓடும் வரியில் திருவள்ளூர் மாவட்டம் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் திருநின்றவூர்ப் பிள்ளைகள் பல் தேய்க்கப் போவார்கள்.

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல். அரையாண்டுத் தேர்வே தள்ளிப்போனது.

மழையைப் போகச் சொல்லும் ஆங்கிலப் பாட்டு ஒன்று எல்லோருக்கும் தெரியும். கையை ஆட்டி ஆட்டிப் பாடுவார்கள். நாளைக்கும் மழை கொட்டணும் சாமி என்று வேண்டிக்கொள்வதும் அவர்களேதான்.

ஏரியை ஒட்டிய நகர்களிலிருந்து வரும் பிள்ளைகள் மட்டும் அப்படி வேண்டிக்கொள்வதில்லை.

முப்பருவ முறை 2012-இல் வந்தது. அதற்கு முன்னால் வருஷம் முழுக்க ஒரே தடிப் புத்தகம். இப்போது பருவத்துக்கு ஒன்று. பை கனம் குறைந்தது, உண்மை. டிசம்பர் முடிந்ததும் இரண்டாம் பருவப் புத்தகத்தை யாரும் திறப்பதில்லை, அதுவும் உண்மை.

கட்டங்கள்: வாரம், பாடம், கற்றல் விளைவு, துணைக்கருவி, மதிப்பீடு.

துணைக்கருவி என்ற இடத்தில் எல்லா வாரமும் 'மின்னட்டைகள்', அதாவது ஃப்ளாஷ் கார்டுகள், என்று எழுதுவது வழக்கம். பார்க்க வருகிறவர்களும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். எழுதாவிட்டால் கேள்வி வரும். எழுதினால் அட்டை எங்கே என்று யாரும் கேட்டதில்லை.

மனசிலேயே இருக்கும் பொருள் இந்த ஊருக்குப் புதிதல்ல. சிவனடியார் பூசலார் இந்த ஊர்க்காரர். கையில் காசில்லை. மனசுக்குள்ளேயே கல், மரம், தச்சர் எல்லாம் சேர்த்து, அடித்தளம் முதல் சிகரம் வரை கோயில் கட்டினார். குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். காஞ்சியில் பல்லவ அரசன் நிஜக் கல்லில் கட்டிய கோயிலுக்கும் அதே நாள். சிவன் அரசன் கனவில் வந்து, நாளை மாற்றிக்கொள், அன்றைக்கு நான் நின்றவூரில் இருப்பேன் என்றாராம். பெரியபுராணத்தில் இருக்கிறது.

அரசன் இங்கே வந்து, பூசலார் கட்டிய கோயில் எங்கே என்று விசாரித்தான். ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

இன்றைக்கு இருதயாலீசுவரர் கோயில் என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறது.

பூசலாரிடம் யாராவது வாரவாரியாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லியிருந்தால்?

பிள்ளைகள் வீட்டிலிருந்தே கொண்டுவரும் ஆங்கிலம், காதில் விழுந்தவரை: ஷிஃப்ட். ஓ.டி. கம்பெனி பஸ். கான்ட்ராக்ட். லோன். டியூ. சீசன் டிக்கெட். யூனிட். ஃபாஸ்ட். ஸ்லோ. லேடீஸ். ரீசார்ஜ். டவர் இல்ல. ஷேர் ஆட்டோ. பிளாட்டு.

எட்டு வயசு. 'டியூ' தெரிகிறது. எந்தத் தேதியில் வரும் என்பதும் தெரிகிறது.

கடையில் விற்கும் சார்ட். ஏ-க்கு ஆப்பிள். ஐ-க்கு இக்ளூ. வி-க்கு வயலின். ஒய்-க்கு யாக். எக்ஸ்-க்கு சைலஃபோன், அது இல்லாவிட்டால் எக்ஸ்மஸ் மரம்.

ஆப்பிள் என்றால் ஆஸ்பத்திரி. யாரையாவது பார்க்கப் போகும்போது வாங்குவது.

யாக் படத்தைக் காட்டினேன். "முடி வெட்டாத எருமை மிஸ்" என்றான் ஒருத்தன். இதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது.

நாலு கோடு நோட்டு. தமிழுக்கு அது தேவைப்படவில்லை. ஆங்கிலத்துக்குத்தான் எந்த எழுத்து மேலே ஏறும், எந்த எழுத்து கீழே தொங்கும் என்ற கணக்கு. ஜி-யின் வால் எப்போதும் அடுத்த வரிக்காரன் தலையில் இடிக்கும்.

சின்ன பி, சின்ன டி. எந்தப் பக்கம் வயிறு? குழப்பம் தீரவே தீராது. ஒரு பெண் அதற்கு வழி கண்டுபிடித்திருக்கிறாள். சொல்லின் நடுவிலும் பெரிய பி போட்டுவிடுகிறாள். 'ராபிட்' என்று எழுதினால், முயலின் வயிற்றுக்குள் இரண்டு பெரிய பி. திரும்பிப்போக வாய்ப்பே இல்லை. சிவப்பு மையால் வட்டம் போடக் கை வரவில்லை.

எழுத்துப் பழக இன்னொரு வழி. 1789. சென்னை எழும்பூரில் ராணுவ அநாதை ஆண்பிள்ளைகள் இல்லம். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் பொறுப்பேற்கிறார். ஒரு நாள் வழியில் திண்ணைப் பள்ளிக்கூடம் ஒன்றைப் பார்க்கிறார். பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். தன் இல்லத்திலும் மணலைப் பரப்பச் சொல்கிறார். அங்கிருந்த ஆசிரியர்கள் ஆகாது என்கிறார்கள். சரி என்று ஒரு பையனையே அரிச்சுவடி வகுப்புக்குப் பொறுப்பாக்குகிறார். ஜான் ஃப்ரிஸ்கென். வயது 8.

1797-இல் லண்டனில் பெல் இதைப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்று பெயர். இங்கிலாந்து முழுக்க ஏழைப் பிள்ளைகளுக்கு இந்த முறையில் பள்ளிகள் திறந்தார்கள். பெல்லை வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்திருக்கிறார்கள்.

திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார் பெயர் எங்கும் இல்லை.

மணல் ஒரு தட்டு வேண்டும். துணைக்கருவிக் கட்டத்தில் 'மணல்' என்று எழுதலாமா? எழுதலாம். இப்போது மணல் விலை தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

"குட் மார்னிங் மிஸ்ஸ்ஸ்" என்பதற்கு ஒரு ராகம் உண்டு. எந்த ஊர்ப் பள்ளிக்குப் போனாலும் அதே இழுவை. எந்தப் பாடத்திட்டத்திலும் இந்த ராகம் இல்லை. எல்லோருக்கும் வருகிறது.

'மே ஐ கோ டு டாய்லெட் மிஸ்' கூட அப்படித்தான். முதல் எழுத்து தெரியாதவனும் முழுசாகச் சொல்கிறான். தேவை இருக்கிறது, சொல்கிறான்.

அதே பையன் அவன் பெயரை எழுது என்றால், 'மை நேம்' என்று தொடங்கி நேராகப் பெயருக்குப் போய்விடுகிறான். நடுவில் 'இஸ்' எதற்கு என்று அவனுக்குப் புரியவில்லை. வீட்டில் பேசும் பேச்சில் அந்த இடத்தில் ஒன்றும் கிடையாது.

'இஸ்கூல்', 'இஸ்டேஷன்'. இங்கே மட்டும் கேட்காத இடத்திலெல்லாம் 'இஸ்'. இந்தப் பருவத்தில் இதைத் திருத்தப் போவதில்லை. ரயிலடியில் பெரியவர்களும் இப்படித்தான் சொல்கிறார்கள், டிக்கெட் கிடைக்கிறது.

1960-ஐ ஒட்டி மெட்ராஸ் மாநிலத்தில் பெரிய முயற்சி ஒன்று நடந்தது. தொடக்கநிலையில் ஆங்கிலம் சொல்லித்தரும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி. கொஞ்சம் பேருக்குப் பயிற்சி, அவர்கள் இன்னும் கொஞ்சம் பேருக்கு, அவர்கள் மற்றவர்களுக்கு. 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்று பெயர் வைத்தார்கள். பனிப்பொழிவே பார்க்காத மாநிலத்தில் பனிப்பந்து.

அதில் சொல்லித்தந்த முறை: வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றாக, வாய்வழியாக, திரும்பத் திரும்ப. இது புத்தகம். அது பேனா. புத்தகம் என்று எல்லோருக்கும் கண்ணால் தெரிகிறது. தெரிந்ததைத் திரும்பச் சொல்லச் சொன்னால், நான் படித்த காலத்திலும், பிள்ளைகள் வகுப்பு முழுக்கச் சேர்ந்து கத்தத்தான் செய்வார்கள்.

கத்துவதில் ஒரு சௌகரியம். யார் வாயை மட்டும் அசைக்கிறார்கள் என்று தெரியாது.

வகுப்பறைச் சுவரில் பிள்ளைகளின் இடுப்பு உயரத்தில் இன்னும் பச்சைப் பட்டை இருக்கிறது. செயல்வழிக் கற்றல் காலத்தது. ரிஷிவேலிப் பள்ளி வழியைப் பார்த்து, சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003 வாக்கில் தொடங்கி, 2007-08-இல் மாநிலம் முழுக்க. பாய், அட்டைகள், ஏணிப்படி, தலைக்கு மேலே கம்பிப் பந்தல், தரையில் உட்கார்ந்தே எழுதும் தாழ்ந்த கரும்பலகை. டீச்சரும் பாயில்தான் உட்கார வேண்டும். முட்டி வலி அப்போது தொடங்கியது என்று சொல்லும் மூத்த டீச்சர்கள் உண்டு.

அட்டைகள் போய்விட்டன. கம்பியும் போய்விட்டது. பட்டை இருக்கிறது. இன்றும் பிள்ளைகள் முதலில் அங்கேதான் ஓடுகிறார்கள். மேலே இருக்கும் பெரிய போர்டு என்னுடையது, கீழே இருப்பது அவர்களுடையது.

எண்ணும் எழுத்தும் திட்டத்தை முதல்வர் தொடங்கிவைத்தது இந்த மாவட்டத்தில்தான். புழல் ஒன்றியம் அழிஞ்சிவாக்கம், 2022 ஜூன் 13. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைக்கும் எழுதப் படிக்க, கணக்குப் போட வரவேண்டும் என்று வைத்த இலக்கு 2025. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை.

யார் எந்த நிலை என்று பிள்ளைகளிடம் சொல்வதில்லை. அவர்களுக்குத் தெரியும். "அவ மலர் மிஸ், அவகிட்ட கேளுங்க."

ஒரே பிள்ளை தமிழில் மலர், ஆங்கிலத்தில் அரும்பு. ஒரே பெஞ்சு.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் வேலை பார்க்கும் தோழி போனில் சொன்னது: அவள் வகுப்பில் வீட்டில் தெலுங்கு பேசுபவர்கள், சிப்காட் வேலைக்கு வந்த வடக்கத்திக் குடும்பத்துப் பிள்ளைகள், இலங்கைத் தமிழர் முகாம் பிள்ளைகள். "என்னை ஆங்கிலம் ரெண்டாவது மொழின்னு எழுதச் சொல்றாங்கடி. யாருக்கு ரெண்டாவது?"

முகாமிலிருந்து பேத்தியைக் கூப்பிட வரும் பாட்டி அவளை 'ரீச்சர்' என்கிறார். பேத்தி 'டீச்சர்' என்கிறாள்.

இங்கே செங்கல் சூளைப் பிள்ளைகள். ஒடிசாவிலிருந்து மழை ஓய்ந்ததும் குடும்பத்தோடு வருகிறார்கள், அடுத்த மழைக்கு முன் திரும்புகிறார்கள். பள்ளிக்கு வந்தால் மூன்றாம் பருவத்தில் வருவார்கள். அவர்கள் திறக்கும் முதல் புத்தகம் மூன்றாம் புத்தகம்.

கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று. அவர்களில் ஒரு பையனுக்கு எண் வரிசையில் தடுமாற்றமே இல்லை. பச்சைக் கல் காய்வதற்குத் திருப்பி வைத்துப் பழகிய கை; சாக்பீஸையும் அப்படித் திருப்பி வைக்கிறான்.

தமிழ் வகுப்பில் ஓரமாக இருப்பான். ஆங்கில வகுப்பில் மற்றவர்களுக்குச் சமமாகக் குழம்புகிறான். உற்சாகமாக இருக்கிறான்.

அவனுக்கும் சேர்த்து இரண்டாம் பருவத்திலேயே எதையாவது மிச்சம் வைக்க முடியுமா? குறித்துவைக்கிறேன். வழி தெரியவில்லை.

வாசலில் ஒரு அம்மா. "மிஸ், எம்புள்ள இங்கிலீஷ்ல பேசுவானா? வேன்ல போற புள்ளைங்கெல்லாம் பேசுதுங்களாம்."

"பேசுவான்மா."

"எப்போ மிஸ்?"

கற்றல் விளைவு என்ற கட்டத்தை விட இந்தக் கேள்வி நேராக இருந்தது.

அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் 2012-13 முதல் நிறைய வந்தன. பலகையில் 'ஆங்கில வழி' என்று எழுதியதும் சிலர் திரும்பி வந்தார்கள். உள்ளே அதே டீச்சர்தான்.

ஆங்கிலம் சொல்லித்தர வேறு வழி பார்த்தவர் என்.எஸ்.பிரபு. பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்தவர். 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் ஒரு சோதனை. 'பெங்களூர் புராஜெக்ட்' என்பார்கள், ஆனால் பெங்களூரில் மட்டும் நடக்கவில்லை. நாகப்பட்டினம் உண்டு, நம் பக்கத்துத் திருவொற்றியூரும் உண்டு. சாதாரணப் பள்ளிகள்.

இலக்கண வரிசை இல்லை. சொற்பட்டியல் இல்லை. வேலை மட்டும். வரைபடத்தைப் பார்த்து வழி கண்டுபிடி. ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் போனால் நேரத்துக்குப் போகலாம் என்று கண்டுபிடி. விடை சரியா என்பதில்தான் பிள்ளையின் கவனம். ஆங்கிலம் அந்தப் போக்கில் ஒட்டிக்கொள்ளட்டும் என்பது அவர் எண்ணம்.

உலகம் முழுக்க ஆங்கிலம் கற்பிப்பவர்கள் இதைப் பற்றிப் படிக்கிறார்கள். எனக்குப் பயிற்சி நாட்களில் யாரும் சொல்லவில்லை. ஒரு பழைய புத்தகத்தில் தானாகக் கண்ணில் பட்டது.

அட்டவணைக்கு ரயில் இங்கேயே இருக்கிறது. 1856-இலிருந்து இந்த ஊர் வழியாக ரயில் ஓடுகிறது. ராயபுரத்திலிருந்து கிளம்பிய, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் தடம். பிள்ளைகளுக்கு யூனிட் ரயில் சத்தம்தான் மணி. எந்தச் சத்தத்துக்கு இன்டர்வெல் என்று அவர்களே சொல்வார்கள்.

ஆவடியில் ஏறினால் இந்து கல்லூரி, பட்டாபிராம், நெமிலிச்சேரி, திருநின்றவூர். நாலாவது. திருவள்ளூரிலிருந்து வந்தால் புட்லூர், செவ்வாப்பேட்டை, வேப்பம்பட்டு, திருநின்றவூர். அதுவும் நாலாவது. இதை எனக்குச் சொன்னது ஒரு அரும்பு.

பாட்டிமார் இன்னும் 'திண்ணனூர்' என்கிறார்கள். பலகையில் தமிழ், இந்தி, ஆங்கிலம். மூன்றில் எது பாட்டி சொல்லும் ஊர் என்று பேரன் கேட்கிறான்.

ஆறாம் வாரம். பாடம்: ரயில். துணைக்கருவி: கால அட்டவணை. கற்றல் விளைவு: நைட் ஷிஃப்ட் முடித்த அப்பா எந்த வண்டியில் வீட்டுக்கு வருவார் என்று கண்டுபிடித்து, ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்வான். 'இஸ்' இல்லாவிட்டாலும் ஏற்றுக்கொள்ளப்படும். இப்படி எழுதினால் பதிவேட்டில் கையெழுத்து விழுமா பார்க்க வேண்டும்.

மழை வந்தால் ஏழாம் வாரம்.

செல்போனில் பார்க்கும் அட்டவணை வகுப்புக்கு உதவாது. ஒரு போனை முப்பது தலை மொய்க்கும். அச்சிட்டதுதான் வேண்டும். சென்ட்ரல் – திருவள்ளூர் – அரக்கோணம் புறநகர் வண்டிகளின் பழைய கால அட்டவணை யாரிடமாவது கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எந்த வருஷமானாலும் பரவாயில்லை. பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு தொடக்கப் பள்ளியின் மூன்றாம் வகுப்பு டீச்சரிடம் கொடுத்துவிடுங்கள்.