முதல் மடக்குக் கத்தி

அக்கா பையன் கேட்டான்: "மாமா, பாக்கெட்ல வச்சுக்க ஒரு நல்ல மடக்குக் கத்தி வேணும். எது வாங்கட்டும்?"

யோசிக்காம சொன்னேன். ஒப்பினெல், 8-ஆம் நம்பர்.

பிரான்சுல, சவ்வா மலைப்பக்கம் 1890-லேர்ந்து செய்யுற கத்தி.
பீச் மரக் கைப்பிடி. எட்டரை சென்டிமீட்டர் அலகு.
1955-ல வந்த ஒரு வளையம். அதைத் திருகிட்டா அலகு பூட்டிக்கும், விரல் மேல மடங்காது.
முதல் கத்திக்கு எனக்கு இதுதான் முக்கியம்.

சுவிஸ் கத்தியும் அருமைதான். கத்தரிக்கோல், திருப்புளி எல்லாம் இருக்கு. ஆனா சட்டைப்பைக்கு அடங்குற மாடல் பலதுல அலகுக்குப் பூட்டு கிடையாது.

கார்பன் ஸ்டீலா, ஸ்டெயின்லெஸ்ஸா?
கார்பனைத் தீட்டுறது சுலபம். ஆனா எலுமிச்சம்பழம் நறுக்கிட்டுத் துடைக்காம விட்டா கறுத்துடும், துருவும் ஏறும்.
கடல்காத்து அடிக்கிற சென்னைக்கு ஸ்டெயின்லெஸ்ஸே வாங்குடா.

கைப்பிடியை மட்டும் ஊற விடாதே. மரம் உப்பிட்டா கத்தியைத் திறக்கவே முடியாது.
விமானத்துல போனா கைப்பையில வைக்காதே, செக்-இன் பெட்டியில போடு.

இப்ப அடுத்த கேள்வி கேக்குறான்: மழுங்கினா யார்கிட்ட குடுக்குறது?
சாணைச் சக்கரத்துல சூடு ஏறினா எஃகோட பதம் போயிடும். கல்லுல நீயே தேய்ச்சுப் பழகுன்னு சொல்லியிருக்கேன்.

வீட்டுலயே கத்தி தீட்டுறவங்க யாராவது இருக்கீங்களா? முதல்முதலா பழகுறவனுக்கு எந்தக் கல்லு நல்லது?