சாவியின் மௌனம்

வாரம் மூன்று நாள் மனைவியை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறேன். ஒரு நாள் காலை ரிமோட்டை அமுக்கினால் கார் திறக்கவில்லை. சர்வீஸ் சென்டரில் போனிலேயே, "புதுச் சாவிதான் சார், பன்னிரண்டாயிரம் ஆகும்" என்றார்கள்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். எளியதிலிருந்து தொடங்கு என்று தெகார்த் 1637-இல் எழுதியதை வாத்தியார் மண்டையில் ஏற்றியிருந்தார். மாற்றுச் சாவியை அமுக்கினேன், திறந்தது. ஆக, கோளாறு காரில் இல்லை. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

மாலையில் ரிமோட்டைப் பிரித்தேன். உள்ளே சிஆர்2032 பேட்டரி: 20 மி.மீ. விட்டம், 3.2 மி.மீ. தடிமன், பெயரிலேயே அளவு இருக்கிறது. 3 வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில் மல்டிமீட்டர் 2.4 காட்டியது. புதிது போட்டதும் உயிர் வந்தது.

மாற்றுச் சாவி இல்லாதவர்களுக்கு ஒன்று: பல ரிமோட்டுகளுக்குள் இரும்புச் சாவி ஒளிந்திருக்கும், கதவைத் திறக்கலாம். பட்டன் ஸ்டார்ட் வண்டிகள் பலவற்றில், செத்த ரிமோட்டைப் பட்டனை ஒட்டிப் பிடித்தால் இஞ்சின் கிளம்பும். உள்ளிருக்கும் சிப்புக்குப் பேட்டரி தேவையில்லை.